விளையாட்டு வரைபடக் கோப்புகளின் பகிர்வும் பதிப்புக் கட்டுப்பாடும்

விளையாட்டு வரைபடக் கோப்புகளின் பதிப்புக் கட்டுப்பாடு என்பது, ஒரு கணினி விளையாட்டுக்கான வரைபடத்தைப் பலர் சேர்ந்து உருவாக்கும்போது, யார் எதை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து வைத்து, ஒருவரின் வேலை மற்றவரின் வேலையை அழித்துவிடாமல் காக்கும் முறையாகும். இங்கு வரைபடம் என்பது நாட்டின் வரைபடத்தைக் குறிப்பதில்லை. ஆட்டக்காரர் நடமாடும் அறைகள், சுவர்கள், நிலப்பரப்பு, கதவுகள், எதிரிகள், பொருள்கள் ஆகியவை அடங்கிய ஆட்டக்களத்தையே இச்சொல் குறிக்கிறது. விளையாடுவோர் இதை மேப் என்றும் லெவல் என்றும் அழைப்பர்.

வெளிவந்த ஒரு விளையாட்டை அதன் ரசிகர்களே மாற்றியும் விரித்தும் புதிய ஆக்கமாகத் தருவது மாடிங் எனப்படுகிறது. அவ்வாறு உருவாகும் ஆக்கம் மாட் எனப்படும். பெரும்பாலும் இது ஊதியமின்றி, வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் தம் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலையாகும். இத்தகைய குழுவில் ஒருவர் மூன்று வாரம் செலவிட்டு அமைத்த பகுதி, இன்னொருவர் தம்மிடம் இருந்த பழைய கோப்பை மேலேற்றியதால் ஒரு நொடியில் மறைந்துபோகலாம். மனம் உடைந்த தன்னார்வலர் மீண்டும் வந்து அதே வேலையைச் செய்வார் என்பதற்கு உறுதி இல்லை. நிரல் எழுதுவோருக்கு இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. வரைபடம் உருவாக்குவோருக்கு அது ஓரளவே தீர்ந்துள்ளது. அதற்கான காரணம் வரைபடக் கோப்பின் உள்ளமைப்பில் இருக்கிறது.

பின்னணி

வரைபடங்களைப் பகிரும் வழக்கம் பரவலானதற்கு ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட டூம் என்ற விளையாட்டு முக்கியக் காரணமாகும். அதன் படங்கள், ஒலிகள், வரைபடங்கள் அனைத்தும் விளையாட்டு நிரலிலிருந்து பிரிக்கப்பட்டு, வாட் எனப்படும் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. வாட் கோப்பில் இரு வகை உண்டு. நிறுவனம் தரும் முதன்மைக் கோப்பு ஐவாட் எனவும், அதன்மேல் பொருத்தப்படும் ஒட்டுக் கோப்பு பிவாட் எனவும் அழைக்கப்படும். ரசிகர் ஒருவர் தாம் வரைந்த வரைபடத்தை மட்டும் பிவாட் கோப்பாகப் பகிர முடிந்தது. விலைக்கு விற்கப்படும் மூல விளையாட்டைப் பகிர வேண்டிய தேவை எழவில்லை.

தொடக்கத்தில் ஒரு வரைபடத்தை ஒருவரே செய்து முடித்தார். ஆகவே கோப்பை அனுப்பினால் போதும், பதிப்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே ஆக்கத்தில் பலர் பங்கேற்கத் தொடங்கியபோதுதான், எது புதிய கோப்பு, எது பழைய கோப்பு என்ற கேள்வி எழுந்தது.

மும்முனை ஒன்றிணைப்பு

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களில் இன்று மிகவும் பரவலாக உள்ளது கிட் ஆகும். லினக்சு கருநிரலின் வளர்ச்சிப் பணிக்காக லினசு டோர்வால்ட்சு இதை 2005ஆம் ஆண்டில் உருவாக்கினார். இருவர் ஒரே கோப்பைத் தனித்தனியே திருத்தியிருந்தால், கிட் மூன்று படிகளை ஒப்பிடுகிறது. முதலாவது, இருவரும் தொடங்கிய பொது மூலப்படி. மற்ற இரண்டும் அவரவர் திருத்திய படிகள். ஒருவர் 10ஆம் வரியையும் மற்றவர் 200ஆம் வரியையும் மாற்றியிருந்தால், இரண்டு மாற்றங்களையும் சேர்த்து ஒரே கோப்பாக ஆக்கிவிடும். இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் முரண் என்று அறிவித்து, முடிவை மனிதரிடம் விடும். விக்கித் தளங்களில் இருவர் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் திருத்தும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

இம்முறை இரண்டு எடுகோள்களை நம்பி இருக்கிறது. ஒன்று, கோப்பு வரிவரியாகப் படிக்கத்தக்க உரையாக இருக்க வேண்டும். மற்றொன்று, ஒரு வரியை மாற்றுவதால் தொலைவில் உள்ள மற்றொரு வரியின் பொருள் மாறக்கூடாது. வரைபடக் கோப்புகள் பல முதல் எடுகோளை மீறுகின்றன. முதலாவதை நிறைவு செய்யும் கோப்புகளிலும் சில இரண்டாவதை மீறுகின்றன.

வரிசை எண்ணால் வரும் சிக்கல்

டூம் வரைபடத்தில் முனைகள், கோடுகள், கோட்டின் பக்கங்கள், பகுதிகள், பொருள்கள் என்று தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன. ஒவ்வொரு முனையும் 4 பைட் இடத்தில் தன் கிடை, நெடு ஆயங்களைக் கொண்டிருக்கும். ஒவ்வொரு கோடும் 14 பைட் நீளமுடையது. அந்தக் கோடு எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதற்கு ஆயங்கள் எழுதப்படுவதில்லை. முனைப் பட்டியலில் எத்தனையாவது முனை என்ற வரிசை எண் மட்டுமே எழுதப்படுகிறது.

ஒரு வரைபடத்தில் சில நூறு முனைகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாமவர் 12ஆம் முனையை நீக்குகிறார். உடனே 13ஆம் முனை 12 ஆகிறது, 14 என்பது 13 ஆகிறது, இப்படியே கடைசிவரை எல்லா எண்களும் ஒன்று குறைகின்றன. அதே நேரத்தில் பழைய கோப்பை வைத்திருக்கும் இரண்டாமவர், 15ஆம் முனைக்கும் 18ஆம் முனைக்கும் இடையே ஒரு சுவர் எழுப்புகிறார். இரண்டு மாற்றங்களையும் அப்படியே சேர்த்தால், அந்தச் சுவர் முன்பு 16, 19 என்று இருந்த முனைகளுக்கு இடையே போய் நிற்கும். இருவரும் தவறு செய்யவில்லை. இருவரும் ஒரே இடத்தைத் தொடவும் இல்லை. ஆனாலும் வரைபடம் சிதைந்துவிடுகிறது.

பள்ளி நடைமுறையோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். வகுப்பின் வருகைப் பதிவேட்டில் மாணவருக்கு வரிசை எண் உண்டு. பள்ளியில் சேரும்போது தரப்படும் சேர்க்கை எண்ணும் உண்டு. ஒரு மாணவர் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றபின் பதிவேட்டைப் புதிதாக எழுதினால், அவருக்குக் கீழே உள்ள எல்லாருடைய வரிசை எண்ணும் மாறும். மதிப்பெண் பட்டியலைப் பழைய வரிசை எண்ணின்படி எழுதி வைத்திருந்தால், ஒருவரின் மதிப்பெண் அடுத்தவருக்குப் போய்விடும். சேர்க்கை எண்ணின்படி எழுதியிருந்தால் இக்குழப்பம் நேராது. டூம் வரைபடம் வரிசை எண்ணை நம்பி எழுதப்பட்ட பதிவேடு போன்றது.

உரை வடிவமும் அதன் எல்லையும்

கோப்பை உரை வடிவில் வைத்தாலே சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மையே. டூம் ரசிகர்கள் பின்னாளில் வகுத்த யூடிஎம்எஃப் என்ற வரைபட வடிவம் முழுவதும் உரையால் ஆனது. அதை எந்த உரைத் திருத்தியிலும் திறந்து படிக்கலாம். எனினும் அதிலும் கோடுகள் முனைகளை வரிசை எண்ணாலேயே சுட்டுகின்றன. ஆகவே மேலே கூறிய தவறு அங்கும் நேரலாம். இருமக் கோப்பாக இருந்தால் கிட் ஒன்றிணைக்க மறுத்து, இரண்டு படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். உரைக் கோப்பாக இருந்தால் எச்சரிக்கை ஏதுமின்றி ஒன்றிணைத்துவிடவும் கூடும். தவறு வெளியே தெரியாமல் போவது இரண்டாவதிலேயே மிகுதி.

1996இல் வெளிவந்த குவேக் விளையாட்டின் வரைபட மூலக் கோப்பு வேறு வழியைப் பின்பற்றுகிறது. அதில் ஒவ்வொரு திண்மமும் தன்னைச் சூழும் தளங்களின் பட்டியலாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு தளமும் மூன்று புள்ளிகளின் ஆயங்களால் நேரடியாகக் குறிக்கப்படுகிறது. ஒரு திண்மத்தை நீக்கினாலும் மற்றவற்றின் பொருள் மாறாது. பொத்தானை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும் என்றால், கதவுக்கு ஒரு பெயர் வைத்து, பொத்தானில் அந்தப் பெயரை எழுதுவர். பெயரால் சுட்டுவதால் வரிசை மாறினாலும் தொடர்பு அறுவதில்லை.

வால்வு நிறுவனத்தின் சோர்ஸ் இயந்திரத்துக்கான விஎம்எஃப் கோப்பும் உரை வடிவமே. அதில் ஒவ்வொரு திண்மத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. இது சேர்க்கை எண்ணைப் போன்றது. ஆனால் இரண்டு எழுத்தர்கள் தனித்தனிப் பதிவேடுகளில் சேர்க்கை எண் வழங்கினால் ஒரே எண் இரு மாணவர்களுக்குப் போய்விடும் அல்லவா? அதுபோல இருவர் தத்தம் கணினியில் புதிய திண்மங்களைச் சேர்க்கும்போது, அடுத்து வரும் ஒரே எண் இரண்டுக்கும் கிடைக்கக்கூடும். ஒன்றிணைப்போர் இதைச் சரிபார்க்க வேண்டியுள்ளது.

மூலக் கோப்பும் கம்பைல் செய்த கோப்பும்

குவேக், சோர்ஸ் போன்ற இயந்திரங்களில் வரைபடத் திருத்தியில் உருவாகும் மூலக் கோப்பு நேரடியாக விளையாட்டில் ஓடுவதில்லை. அது பிஎஸ்பி எனப்படும் கோப்பாகக் கம்பைல் செய்யப்படுகிறது. எந்த இடத்திலிருந்து எது கண்ணுக்குத் தெரியும், விளக்கின் ஒளி எங்கே விழும் என்பன போன்ற கணக்கீடுகள் அப்போது நடைபெறுகின்றன. மூலக் கோப்பில் ஒரு விளக்கை நகர்த்தினால் சில வரிகளே மாறும். பிஎஸ்பி கோப்பில் ஒளித் தரவுகள் பரவலாக மாறிவிடும்.

ஆகவே களஞ்சியத்தில் வைத்துப் பதிப்புகளைக் காக்க வேண்டியது மூலக் கோப்பு. ஆட்டக்காரருக்குப் பகிர வேண்டியது கம்பைல் செய்த கோப்பு. இந்த வேறுபாட்டை மறந்து பிஎஸ்பி கோப்பை மட்டும் பாதுகாத்த குழுவினர், பின்னர் ஒரு திருத்தம் செய்ய விரும்பினால், அதை மீண்டும் மூலக் கோப்பாகப் பிரித்தெடுக்கும் கருவிகளை நாட வேண்டியிருக்கும். அவ்வாறு பிரித்தெடுத்த கோப்பில் உருவாக்கியவர் இட்ட குழுப் பிரிவுகளும் குறிப்புகளும் முழுமையாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

சில விளையாட்டுகளில் இத்தகைய பிரிவே கிடையாது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் உலகம், 32க்கு 32 துண்டங்கள் கொண்ட வட்டாரக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டமும் சுருக்கப்பட்டு, 4,096 பைட் அளவுள்ள அறைகளில் அடுக்கப்படுகிறது. கோப்பின் தலைப்பகுதியில் ஒவ்வொரு துண்டமும் கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரமும் பதிவாகிறது. இதனால் எதையும் கட்டாமல் உலகினுள் நடந்துவிட்டு வந்தாலே கோப்பு மாறிவிடக்கூடும். பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு அதுவும் ஒரு திருத்தமாகவே தோன்றும்.

தீர்வு 1: கோப்பின் வடிவத்தை மாற்றுதல்

பேட்டில் ஃபார் வெஸ்னாத் என்ற திறமூல விளையாட்டின் வரைபடம் எளிய உரைக் கோப்பாகும். ஒவ்வொரு அறுகோணக் கட்டமும் புல்வெளி, நீர், மலை என்பவற்றைக் குறிக்கும் ஒரு குறியீட்டால் எழுதப்பட்டு, காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கிடை வரிசை கோப்பில் ஒரு வரியாகும். இதில் ஒரு குறை உண்டு. ஒருவர் வரிசையின் இடக்கோடியையும் மற்றவர் அதே வரிசையின் வலக்கோடியையும் மாற்றினாலும், இரண்டும் ஒரே வரி என்பதால் முரண் ஏற்படும்.

இக்குறையை நீக்கிய முயற்சிக்கு ஸ்பேஸ் ஸ்டேஷன் 13 நல்ல எடுத்துக்காட்டு. பியாண்ட் என்ற தளத்தில் இயங்கும் இவ்விளையாட்டைப் பல தன்னார்வக் குழுக்கள் கிட்ஹப் தளத்தில் வளர்த்து வருகின்றன. இதன் வரைபடங்கள் டிஎம்எம் என்ற உரை வடிவில் உள்ளன. கோப்பின் மேற்பகுதியில் ஓர் அகராதி இருக்கும். ஒரு கட்டத்தில் உள்ள தரை, சுவர், பொருள்கள் ஆகியவற்றின் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறியீடு அங்கே தரப்படும். கீழ்ப்பகுதியில் அக்குறியீடுகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். பியாண்டின் சொந்தத் திருத்தியில் சேமிக்கும்போது குறியீடுகள் புதிதாக வழங்கப்படுவதால், ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் கோப்பு முழுவதும் மாறியதுபோல் தோன்றியது. 255க்கு 255 கட்டங்கள் கொண்ட வரைபடத்தில் மொத்தம் 65,025 கட்டங்கள் உள்ளன. உண்மையான மாற்றம் எது என்று அவற்றில் தேடுவது இயலாத செயல்.

டிஜிஸ்டேஷன் என்ற குழு இதற்கு இரு மாற்றங்களைக் கொண்டுவந்தது. முதலாவது, டிஜிஎம் என்ற மாற்று எழுத்துமுறை. இதில் ஒவ்வொரு கட்டமும் தனி வரியில் எழுதப்படுகிறது. இரண்டாவது, வரைபட ஒன்றிணைப்புக் கருவி. அது முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு, மாறாத சேர்க்கைகளுக்குப் பழைய குறியீட்டையே திரும்ப வழங்குகிறது. இதனால் நகர்ந்த நாற்காலி மட்டுமே திருத்தமாகத் தெரிகிறது. இருவர் ஒரே கட்டத்தை மாற்றியிருந்தால், அக்கருவி அந்தக் கட்டத்திலேயே முரணைக் காட்டும் ஓர் அடையாளப் பொருளை வைக்கிறது. வரைபடத் திருத்தியைத் திறந்தவுடன் சரிசெய்ய வேண்டிய இடம் கண்ணில் படும். உரையில் தேட வேண்டியதில்லை.

தீர்வு 2: பூட்டுதல்

கோப்பின் வடிவத்தை மாற்ற இயலாத இடங்களில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே திருத்தலாம் என்ற விதி பயன்படுகிறது. நூலகத்தில் ஒருவர் எடுத்துச் சென்ற நூலை அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் பெற முடியாததைப் போன்றது இது. வணிக விளையாட்டு நிறுவனங்களில் பரவலாகப் பயன்படும் பெர்ஃபோர்ஸ் மென்பொருளில் தனியுரிமையாகக் கோப்பை எடுக்கும் வசதி உண்டு. சப்வெர்ஷன் மென்பொருள் 2005ஆம் ஆண்டில் தன் 1.2 பதிப்பில் பூட்டு வசதியைச் சேர்த்தது.

கிட் அடிப்படையில் பூட்டு இல்லாத அமைப்பாகும். ஒவ்வொருவரிடமும் களஞ்சியத்தின் முழுப்படி இருப்பதால், பூட்டியதை மற்றவருக்குச் சொல்ல ஒரு பொது இடம் அதில் இல்லை. 2015இல் அறிமுகமான கிட் எல்எஃப்எஸ் என்ற துணைக்கருவி பெரிய கோப்புகளை வேறு வழங்கியில் வைத்து, களஞ்சியத்தில் அதன் அடையாளத்தை மட்டும் பதிக்கிறது. பின்னர் வந்த பதிப்புகளில் பூட்டும் வசதியும் சேர்க்கப்பட்டது. கிட்ஹப் தளம் 100 மெபிபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை வழக்கமான முறையில் ஏற்பதில்லை என்பதால், பெரிய வரைபடங்களுக்கு இத்துணைக்கருவி தேவைப்படுகிறது.

பூட்டின் குறை மனிதர் சார்ந்தது. பூட்டியவர் தேர்வு, நோய், வேலை மாற்றம் போன்ற காரணங்களால் காணாமல் போனால் வரைபடம் முடங்கிவிடும். எனவே பூட்டை விடுவிக்கும் உரிமை யாருக்கு, எத்தனை நாள்கள் கழித்து என்பதைக் குழு முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

தீர்வு 3: பிரித்துக்கொள்ளுதல்

மூன்றாவது வழி வேலையையே பங்கிடுவதாகும். 2002இல் வெளிவந்த மோரோவிண்ட் விளையாட்டின் உலகை விரித்து, அதில் இடம்பெறாத பெருநிலப்பரப்பை உருவாக்கிவரும் டாம்ரியல் ரீபில்ட் என்ற தன்னார்வத் திட்டம் இம்முறையைப் பின்பற்றுகிறது. செய்ய வேண்டிய நிலமும் கட்டடங்களின் உட்புறங்களும் சிறு பங்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. விருப்பமுள்ளவர் ஒரு பங்கைக் கேட்டுப் பெறுகிறார். அதைத் தனிக் கோப்பில் செய்து முடிக்கிறார். இன்னொருவர் அதைச் சரிபார்த்தபின், முதன்மைக் கோப்பில் அது சேர்க்கப்படுகிறது.

பங்கிட்டாலும் எல்லைகள் மீதம் இருக்கும். மோரோவிண்டின் நிலப்பரப்பு சதுரச் செல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு செல்லின் உயரமும் 65க்கு 65 புள்ளிகளில் பதியப்படுகிறது. ஓரத்தில் உள்ள புள்ளிகள் அடுத்த செல்லுக்கும் பொதுவானவை என்பதால் இரண்டிலும் எழுதப்பட்டுள்ளன. ஒருவர் தம் பக்கத்து ஓரத்தை உயர்த்தி, அடுத்தவர் உயர்த்தாமல் விட்டால், நிலத்தில் பிளவு தோன்றி அடியில் வெறுமை தெரியும். வயல் வரப்பைப் போல, எல்லையை யார் தொடலாம் என்பது இரு தரப்புக்கும் பொதுவான முடிவாக இருக்க வேண்டும்.

ஆட்டக்காரருடன் பகிர்தல்

குழுவுக்குள் பதிப்புகள் ஒழுங்காக இருந்தாலும், வெளியீட்டில் குழப்பம் நேரலாம். பலர் இணைந்து ஆடும் விளையாட்டில் எல்லாரிடமும் ஒரே வரைபடம் இருக்க வேண்டும். பழைய டூமில் கணினிகள் ஆட்டக்காரரின் அசைவுகளை மட்டுமே பரிமாறிக்கொண்டன. மற்றதை ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிட்டது. ஒருவரின் வரைபடம் சிறிது வேறுபட்டாலும் ஆட்டங்கள் தனித்தனியே பிரிந்துவிடும். சோர்ஸ் இயந்திரத்தில், ஆட்டக்காரரின் வரைபடம் வழங்கியின் வரைபடத்திலிருந்து வேறுபட்டால் இணைப்பு மறுக்கப்படும்.

ஆகவே வெளியிட்ட கோப்பை அதே பெயரில் மாற்றி வெளியிடக் கூடாது என்பது பொது விதி. டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டின் வரைபட ஆக்குநர்கள் கோப்புப் பெயரின் இறுதியில் ஏ1, பி3, ஆர்சி2 போன்ற குறிகளை இடுகின்றனர். இவை முறையே ஆல்பா, பீட்டா, வெளியீட்டுக்கு அணித்தான நிலை ஆகியவற்றைக் குறிக்கும். இறுதி, புதிய இறுதி, உண்மையான இறுதி என்று பெயரிடுவதால் எது பிந்தியது என்பது சில நாள்களிலேயே மறந்துவிடும்.

உரிமமும் பதிப்பின் ஒரு பகுதியே. டூம் நிரல் 1999இல் பொது மக்கள் உரிமத்தில் வெளியிடப்பட்டாலும், அதன் வரைபடங்களும் படங்களும் நிறுவனத்துக்கே உரியன. எனவே ஃப்ரீடூம் என்ற திட்டம், பலர் பங்களித்த புதிய வரைபடங்களையும் படங்களையும் பிஎஸ்டி வகை உரிமத்தில் வழங்குகிறது. தம் வரைபடத்தைப் பிறர் மாற்றலாமா என்பதை உருவாக்கியவர் கோப்புடன் எழுதி வைக்காவிட்டால், அவரைத் தொடர்புகொள்ள முடியாத காலத்தில் அவ்வேலையை யாரும் முறையாகத் தொடர இயலாது.

சிறு குழுக்களுக்கான நடைமுறைகள்

புதிதாகத் தொடங்கும் மாணவர் குழுவுக்குப் பின்வருவன பயன்படும்.

1. வேலையைத் தொடங்குமுன் களஞ்சியத்திலிருந்து அண்மைப் பதிப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். மறைந்துபோகும் வேலைகளில் பல இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் மறைந்தவை.
2. இன்று எந்தப் பகுதியைத் தொடப்போகிறோம் என்பதை மற்றவர்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும்.
3. சிறு சிறு மாற்றங்களாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் தெளிவான குறிப்பு எழுத வேண்டும். "சில மாற்றங்கள்" என்பதைவிட "வடக்கு வாயிலில் படிக்கட்டு சேர்க்கப்பட்டது" என்பது பின்னாளில் உதவும்.
4. எல்லாரும் ஒரே திருத்தியையும் அதன் ஒரே பதிப்பையும் பயன்படுத்த வேண்டும். திருத்தி மாறினால் கோப்பு எழுதப்படும் முறையும் மாறக்கூடும்.
5. ஒன்றிணைக்க முடியாத கோப்பு வகைகளை இருமக் கோப்பு என்று கிட்டிடம் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். தவறாக ஒன்றிணைவதைவிட ஒன்றிணைய மறுப்பது நல்லது.
6. திருத்தத்துடன் அந்த இடத்தின் முன், பின் திரைப்படங்களை இணைத்தால், கோப்பைத் திறக்காமலே மற்றவர் மதிப்பிட முடியும்.

கருவிகளின் எல்லை

எவ்வளவு சிறந்த கருவியும் கோப்பின் அமைப்பை மட்டுமே அறியும். வரைபடத்தின் நோக்கத்தை அது அறியாது. ஒருவர் கிழக்கு அறையின் கதவைச் சாவியால் மட்டுமே திறக்கும்படி மாற்றுகிறார். மற்றொருவர், அதே வாரத்தில், சாவி இருந்த மேசையை அழகு கருதி அந்த அறைக்குள்ளேயே நகர்த்துகிறார். இரண்டும் வெவ்வேறு இடங்களில் செய்த மாற்றங்கள். முரண் ஏதுமின்றி அவை ஒன்றிணையும். ஆனால் சாவி பூட்டிய அறைக்குள் இருப்பதால், அந்த வரைபடத்தை யாராலும் ஆடி முடிக்க முடியாது.

இக்காரணத்தால், ஒன்றிணைத்த ஒவ்வொரு வரைபடத்தையும் குழுவில் ஒருவராவது தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிப் பார்ப்பது பதிப்புக் கட்டுப்பாட்டின் இறுதிப் படியாகக் கருதப்படுகிறது. அப்போது குறை தெரிந்தால், எந்தப் பதிவில் அது நுழைந்தது என்பதை வரலாற்றில் பார்த்து, அந்த மாற்றத்தை மட்டும் திருத்தலாம். மற்றவர்களின் வேலை அப்படியே இருக்கும்.